பெட்டி சொல்லாமல் விட்டது

காலை பத்து மணி நாற்பது. முதலில் தெரிந்தது ஒரு கோணிச் சாக்கு. சாக்குக்குக் கீழே இரண்டு கால்கள். ஆனி மாத மழையில் அது மேட்டில் ஏறி வந்தது. பள்ளி வாசலில் சாக்கை விலக்கிய பிறகுதான் ஆள் தெரிந்தார். அவர் தலையில் மரப்பெட்டி இருந்தது. பெட்டி நனையவில்லை. ஆள் முழுவதும் நனைந்திருந்தார்.

"ரேடியோ," என்றார். "கையெழுத்துப் போடுங்க."

தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, பெட்டிக்கு எது முன்பக்கம் என்று கேட்டார்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பின்னாளில் ஒரு நாளிதழில் சேர்ந்து, மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்தேன். அந்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் இந்தப் பள்ளியில்தான் கற்றேன் என்றால் அது மிகை. கொஞ்சம் கற்றேன்.

பள்ளி, நீலகிரியில் நெல்லியாளத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஜீப் பாதையின் முடிவில், ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. இரண்டு அறைகள், தகரக் கூரை, மின்சாரம் இல்லை. சுற்றிலும் இருந்தது, இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசாங்கம் காட்டை வெட்டி உண்டாக்கிய தேயிலைத் தோட்டம். செடிகள் இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. அங்கே பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்தவர்கள், இங்கே கொழுந்து வருவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகள், அவர்கள் பேச்சில் காம்பராக்கள், குன்றுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தன. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த லயங்களிலிருந்து வந்தவர்கள். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை தலைமை ஆசிரியருடைய அறையில். நான்கும் ஐந்தும் என்னுடையதில்.

ரேடியோவுடன் ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. திங்கட்கிழமை தோறும் பதினோரு மணிக்குத் திருச்சியிலிருந்து பள்ளி ஒலிபரப்பு வரும். மாணவர்கள் கேட்க வேண்டும். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, அவர்களைச் சொந்தமாகக் கேள்வி கேட்க ஊக்குவிக்க வேண்டும். பெட்டியைப் பாடத்துக்கு அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஆண்டு முடிவதற்குள் அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளைகள் கேள்வி கேட்காத பள்ளியிலிருந்து பெட்டி வேறு பள்ளிக்குப் போகும்.

தலைமை ஆசிரியர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எதையும் இரண்டு தரம் படிப்பார். இதை மூன்று தரம் படித்தார்.

"ஏனுங்க டீச்சர், சொந்தமான்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?"

"அவங்களுக்கா தோணுறதைக் கேக்கணும்னு அர்த்தம் சார்."

"தோணாட்டி?"

அவரே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "சொந்தக் கேள்வியை நாமே எழுதிக் குடுத்துட்டா நல்லா இருக்குமுங்க. தப்பு வராது பாருங்க."

முதல் திங்கட்கிழமை ஒலிபரப்பு மண்பானை செய்வதைப் பற்றியது. ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல், இடையிடையே வீணை. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பெட்டியை அணைத்தேன். "இப்போ நீங்க கேள்வி கேளுங்க," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. தகரத்தின் மேல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் திங்கட்கிழமையும் அப்படியே போனது. மூன்றாம் வாரம், "என்ன கேள்வியா இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கேளுங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க. என்னையே கேளுங்க," என்றேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். பத்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். பிறகு யோசித்து, மேசையைச் சுற்றி என் பக்கத்துக்கு வந்தாள். என்னை எழுந்து எதிர்ப்பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேர்?"

சொன்னேன்.

"தகப்பன் பேர்?"

சொன்னேன்.

"பொறந்த தோட்டம்?"

"தோட்டம் இல்ல. ஊர்." ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கா?"

"இருக்கு."

"எத்தன பேரு ஒண்ணா வந்தீங்க?"

"நான் மட்டும்தான்."

"மத்தவங்க ஏன் வரல?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் பதிலைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பதில் குடியுரிமைப் பேப்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுபோல. கண்டியில் ஒரு மேசை, தலைமன்னாரில் ஒரு மேசை, மண்டபம் முகாமில் ஒரு மேசை. அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பா அம்மாவின் பக்கத்தில் நின்று அந்த மேசைகளைக் கடந்து வந்தவர்கள். கேள்வி என்பது மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்பது. இந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் வரிசையில் பின்னால் போகச் சொல்வார்கள். நான் கேள்வி கேட்கச் சொன்னபோது அவர்களுக்குத் தெரிந்த ஒரே முறையில், கொஞ்சமும் குறையில்லாமல், அவள் கேட்டாள்.

தலைமை ஆசிரியர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண் எழுந்து தன் இடத்துக்குப் போன பிறகு, "ஒலிபரப்பு என்னமோ ஏரிப் பாசனத்தைப் பத்தித்தானுங்களே?" என்றார்.

அந்தப் பெண்ணின் அம்மா அந்த வாரமே வந்தார். குழி வெட்டி முடித்த நேரம். கால் முழுவதும் செம்மண். வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இந்தப் பொட்டி கொழும்பு எடுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. பள்ளி விட்ட பிறகு பாட்டுக் கேட்க அவர் ஏற்கெனவே முள்ளைத் திருப்பிப் பார்த்திருந்தார். கண்ணாடியில் கொழும்பு தெளிவாக வரும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்றும் போட்டு வைத்திருந்தார்.

"எடுக்குமுங்க," என்றார். உடனே, "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

"சாவு சொல்லுவாங்கள்ல சேர். அதுக்கு."

சாயங்காலத்தில் கொழும்பிலிருந்து மரண அறிவித்தல்கள் படிப்பார்கள். இறந்தவர் பெயர், ஊர் அல்லது தோட்டம், பிள்ளைகள், எடுக்கும் நேரம். அந்த அம்மாவின் கணவர் இன்னும் இலங்கைத் தோட்டத்திலேயே இருந்தார். குடும்பத்துக்கு எல்லாப் பேப்பரும் வந்தபோது, அவருடையது மட்டும் பிறந்த இடம் சரியாகப் பொருந்தவில்லை என்று நின்றுபோனது. மற்றவர்களுடைய தேதி தவறிவிடும் என்பதால், நீங்கள் போங்கள், பின்னால் வருகிறேன் என்று அவர் அனுப்பிவைத்தார். அவருக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது. நோயை அவர்கள் வருத்தம் என்றுதான் சொல்வார்கள். கடிதம் எழுத ஆள் பிடிக்க வேண்டும். எழுதினாலும் வந்துசேர ஒரு மாதம் ஆகும். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. உறுப்பினர் யார் செத்தாலும் ரேடியோவில் சொல்ல அது ஏற்பாடு செய்யும். அவர் உறுப்பினர்.

"பேரு வராட்டி இருக்காருன்னு அர்த்தம். அது தெரிஞ்சா போதும். படுத்தா தூக்கம் வரும்," என்றார் அந்த அம்மா.

"லயத்துல யார்கிட்டயும் ரேடியோ இல்லீங்களா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு. பள்ளத்துல கொழும்பு எடுக்காது. கொர்ருன்னு மட்டும் சொல்லும்."

தலைமை ஆசிரியர் சுற்றறிக்கையை நினைத்தார். அது முகத்தில் தெரிந்தது. பிறகு தான் கேட்ட பாட்டுகளையும் நினைத்திருக்க வேண்டும். "பத்து நிமிசமுங்க. அதுக்கு மேல பாட்டரி தாங்காது," என்றார்.

மறுநாள் ஆறு பெண்கள் வந்தார்கள். அடுத்த வாரத்தில் வராந்தா நிறைந்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். அறையில் எந்தெந்த இடத்தில் உட்கார்வார்களோ அதே வரிசையில் வெளியில் உட்கார்ந்தார்கள். தலைமை ஆசிரியர் முள்ளைப் பென்சில் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்.

நான் பக்கத்து அறையில்தான் தங்கியிருந்தேன். ஆகவே தினமும் கேட்டேன். அறிவிப்பாளர் நிதானமாக, ஒரே தொனியில், ஒவ்வொன்றாகப் படிப்பார். வராந்தாவில் இருந்தவர்கள் நிதானமாக இல்லை.

"...தோட்டத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட..."

"எந்த டிவிசன்னு சொல்லு."

"...காலமானார்."

"என்ன வருத்தமுன்னு சொல்றானா பாரு."

"அன்னார், காலஞ்சென்ற..."

"மேமலையா கீமலையா? மேமலைன்னா நம்ம சின்னாயி மச்சான்தான்."

"அவரு அப்பவே போய்ட்டாரே!"

"அது அண்ணன்காரன். நீ சும்மா இரு."

"எத்தன மணிக்கு எடுக்குறாங்களாம்?"

"நீ போய்த் தூக்கவா போற?"

பெட்டி எதற்கும் பதில் சொல்லாது. அடுத்த பெயருக்குப் போய்விடும். அவர்கள் அதற்காகக் கேட்பதை நிறுத்தவும் இல்லை. பிள்ளைகளும் கூடவே கேட்டார்கள். "பொண்டாட்டி பேரைச் சொல்லல!" என்று ஒரு பையன் கத்துவான். "மூத்தவன் எங்கன்னு சொல்லல," என்பாள் இன்னொருத்தி. இரட்டைச் சடைப் பெண் மட்டும் எல்லாப் பெயர்களும் முடியும்வரை வாயைத் திறக்க மாட்டாள். முடிந்ததும் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தால், அன்றைக்குப் பெயர் வரவில்லை என்று பொருள்.

எனக்கு இது புரிய இரண்டு வாரம் ஆனது. திங்கட்கிழமைகளில் மரம்போல் உட்கார்ந்திருந்த அதே பிள்ளைகள்தான் சாயங்காலத்தில் பெட்டியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அங்கே அவர்களை யாரும் ஊக்குவிக்கவில்லை. பெட்டி எதையோ சொல்லாமல் விட்டது. அது அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பனை மரத்தைப் பற்றிய பாடம். அணைத்த பிறகு நான் கேள்வி கேட்கச் சொல்லவில்லை. "பெட்டி எதைச் சொல்லாம விட்டுது?" என்றேன்.

நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பனை ஏறுறவரு மழை நாள்ல என்னா செய்வாருன்னு சொல்லல."

"விழுந்தா யாரு பாப்பாங்கன்னு சொல்லல."

"பொம்பளைங்க ஏறுவாங்களான்னு சொல்லல டீச்சர்."

"அதுல கங்காணி உண்டா? கீழ நின்னு வெரட்ட?"

எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அவர்களுக்கு அது புதிதாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை போலும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்தவர்களை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தேவர்சோலை பஜாரில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கருப்பட்டி விற்றார். சனிக்கிழமை போய் அவரிடம் கேட்டேன். மழை நாளில் சும்மாதான் இருப்பார்கள் என்றார். அதைத் திங்கட்கிழமை சொன்னேன். அதிலிருந்து அவர்கள் நிறுத்தவில்லை. தபால், உப்பளம், ரயில் பாலம் என்று ஒவ்வொன்றிலும் விடுபட்டதைக் கண்டுபிடித்தார்கள். நான் சனிக்கிழமைதோறும் பஜாரில் யாரையாவது தேடிப்போக வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் என்னைக் கண்டால், "இந்த வாரம் என்னங்க டீச்சர்?" என்று தாங்களாகவே கேட்டார்கள்.

தலைமை ஆசிரியருக்கு இதில் நிம்மதி இல்லை. "அதிகாரி முன்னாடி கங்காணி, கிங்காணின்னு கேட்டு வெச்சா என்னாகுமுங்க?" என்றார். அவர் மூன்று கேள்விகளைச் சுத்தமான தமிழில் எழுதி, முன்பெஞ்சுப் பையன்கள் மூன்று பேருக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார். எந்தப் பாடமாக இருந்தாலும் பொருந்தும்படி எழுதியிருந்தார். "இதன் பயன்கள் யாவை" என்பது முதல் கேள்வி.

அதிகாரி தை மாதத்தில் வந்தார். பனி கொட்டிய காலை. ஜீப் பாதி வழியில் நின்றுவிட, நடந்து ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், கையில் தோல்பை. மெட்ராஸ்காரர் என்று பேச்சில் தெரிந்தது. அலட்டல் இல்லாத மனிதர். நாற்காலியை முன்னால் போட்டபோது, வேண்டாம் என்று கடைசிப் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

தலைமை ஆசிரியர் முந்தின நாளே முள்ளைத் திருச்சிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பெட்டியைத் துடைத்து, மேலே ஒரு பூப்போட்ட துணியும் விரித்திருந்தார். சாயங்காலம் வரவேண்டாம் என்று லயத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாமார் அதைப் புரிந்துகொண்டார்கள். பெட்டி இங்கேயே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு எங்களைவிட அக்கறை இருந்தது. "நாளைக்கு நல்லா கேளுங்கடா. கேக்காட்டி பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க," என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்றைய பாடம் கலங்கரை விளக்கம். கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே ஓர் உயரமான கோபுரம். அதன் உச்சியில் விளக்கு. விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலர். அவர் தீவில் தனியாக இருக்கிறார். குடும்பம் கரையில் இருக்கிறது. இருட்டியதும் விளக்கை ஏற்றுகிறார். கப்பல்கள் பத்திரமாகப் போகின்றன. அலைச் சத்தத்தோடு பாடம் முடிந்தது.

அணைத்தேன். முன்பெஞ்சுப் பையன் எழுந்தான்.

"கலங்கரை விளக்கத்தின் பயன்கள் யாவை?"

அதிகாரி தலையசைத்தார். அடுத்தவன் எழுந்தான். "கலங்கரை விளக்கம் எங்கெங்கு காணப்படுகிறது?" மூன்றாமவன் எழுந்து, முதலாமவனுடைய கேள்வியையே கேட்டுவிட்டு உட்கார்ந்தான். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான், "பெட்டி எதைச் சொல்லாம விட்டுது?" என்றேன்.

"குடும்பத்த ஏன் கரையில வுட்டாரு?" என்றான் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். "அவங்களுக்குப் பேப்பர் வரலையா?"

அதிகாரி நிமிர்ந்தார்.

"அவங்களுக்கு வந்திருக்கும். அவருக்குத்தான் வந்திருக்காது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவரு எந்த நாட்டுக்கு எழுதிக் குடுத்தாரு?"

"தீவுன்னா அது இந்தியாவா சிலோனா? அதச் சொல்லல."

"லீவு உண்டா அவருக்கு? லீவுல போனா வெளக்க யாரு ஏத்துவா?"

"டேய், மாத்தாளு இருப்பான்டா."

"மாத்தாளு இருந்தா ஏன் தனியா இருக்காருங்குறாங்க?"

அறையில் இரைச்சலாகிவிட்டது. தலைமை ஆசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். தோல்பையிலிருந்து பேனாவை எடுத்தவர் எழுதாமல் கையிலேயே வைத்திருந்தார். விளக்குக் காவலர் ஏன் தனியாக இருக்கிறார் என்பதற்கு வேலை, இடம், வசதி என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. அந்த அறையில் இருந்த ஒரு பிள்ளைக்கும் அதில் எதுவும் தோன்றவில்லை. மனைவி பிள்ளைகள் கடலுக்கு ஒரு பக்கமும் ஒரு மனிதன் மறு பக்கமும் இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் அவர்களுக்குத் தெரியும்.

இரட்டைச் சடைப் பெண் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அவரு செத்துப்போனா எந்த ரேடியோவுல சொல்லுவாங்க?"

இரைச்சல் நின்றது. அதிகாரி, "என்னம்மா கேட்டே?" என்றார்.

"தனியாத்தான இருக்காரு. செத்துட்டா கரையில உள்ளவங்களுக்குத் தெரியணும்ல சேர். தீவு ரேடியோவுல சொல்லுவாங்களா, கரை ரேடியோவுல சொல்லுவாங்களா? எதுல கேக்குறது?"

"நல்ல கேள்வி," என்றார் அதிகாரி. உண்மையாகவே சொன்னார். "எனக்குத் தெரியாது. ஆமா, செத்தா ரேடியோவுல சொல்லுவாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

"இதுலதான சேர் சொல்லுவாங்க. சாயங்காலம்."

"இதுலயா?"

"ம். கொழும்புல இருந்து."

அதிகாரி எழுந்து பெட்டியிடம் போனார். பூப்போட்ட துணியைத் தூக்கினார். கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கோடு என்ன சார்?"

"கீறலுங்க," என்றார் தலைமை ஆசிரியர். "வரும்போதே இருந்துச்சுங்க."

"அதுதான் சேர் கொழும்பு," என்றாள் பெண், உதவியாக.

அதிகாரி பிள்ளைகளிடம் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து எங்கள் இருவரிடம் விசாரித்தார். தலைமை ஆசிரியர் பாட்டரியைப் பற்றி மட்டும் பேசினார். பெண்களைப் பற்றியும் அறிவித்தல்களைப் பற்றியும் நான் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கொடுத்த காபியைக் குடித்தார். "இந்த மாதிரி கேள்வி கேக்கற பசங்களை இந்த ஜில்லாவுல நான் பாக்கல. அதை எழுதுவேன்," என்றார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பாத்ததையும் எழுதியாகணும்," என்றார்.

இரண்டையும் எழுதினார். மாசியில் உத்தரவு வந்தது. கேள்வி கேட்பதில் இப்பள்ளி மாணவர்கள் மற்றப் பள்ளிகளுக்கு முன்மாதிரி என்று முதல் பத்தியில் இருந்தது. ஆகவே பெட்டி இங்கேயே இருக்கும். இரண்டாம் பத்தியில், பெட்டி வேறு நிலையங்களை எடுக்காதபடி முள் திருச்சியில் நிலையாக நிறுத்தப்படும் என்று இருந்தது. தலைமை ஆசிரியர் அதையும் மூன்று தரம் படித்தார்.

"பொட்டி போகலீங்களே," என்றார்.

மெக்கானிக் வந்து பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினார். சக்கரத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். திருகைத் திருப்பிப் பார்த்தார், முள் அசையவில்லை. போகும்போது கண்ணாடியில் இருந்த பென்சில் கோட்டை எச்சில் தொட்ட கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமும் பெண்கள் வந்தார்கள். தலைமை ஆசிரியர் என்ன சொல்வது என்று தெரியாமல் பெட்டியைப் போட்டார். கரும்பில் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீலகிரியில் கரும்பு கிடையாது. அவர்கள் வழக்கமான நேரம்வரை உட்கார்ந்து கேட்டார்கள். யாரும் பெட்டியிடம் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் இரட்டைச் சடைப் பெண் வழக்கம்போல் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் எழுந்தார். ஆனால் பெயர் வந்ததா வரவில்லையா என்பது அவருக்கும் தெரியாது.

அதன் பிறகு அந்த அம்மா தேவர்சோலை பஜாருக்கு நடந்தார். அங்கே ஒரு டீக்கடையில் ரேடியோ இருந்தது. கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். சாயங்காலம் கோழிக்கோட்டுப் பாட்டுதான் வைப்பார். மூன்றாம் நாள், "எந்தா சேச்சி, டீயும் குடிக்கிறதில்ல, போறதும் இல்ல?" என்று கேட்டிருக்கிறார். காரணத்தைச் சொன்னதும் கொழும்புக்கு மாற்றினார். பாட்டுக்காக வந்து உட்கார்ந்திருந்த லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்களாம். "ஒருத்தன் உயிரோட இருக்கானான்னு கேக்கறாங்கடா. உன் பாட்டு எங்கயும் போகாது," என்றாராம். இதையெல்லாம் பெண் எனக்குச் சொன்னாள். பஜாரிலிருந்து திரும்பும்போது இருட்டிவிடும். காட்டு வழியில் யானை நடமாட்டம் இருந்தது. சில நாட்கள் போக முடியாது. போகாத நாட்களுக்கு மறுநாள் அவள் வகுப்பில் பேச மாட்டாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் மற்றவர்கள் கேட்டார்கள். அவள் ஒலிபரப்பு முடியும்வரை பெட்டியைப் பார்த்தபடி இருப்பாள். பிறகு வெளியே பார்ப்பாள்.

பள்ளி விடுமுறைக்கு மூடும் வாரம், ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னாள். அப்பாவுக்குப் பேப்பர் சரியாகிவிட்டது. கப்பல் ஏறிவிட்டார். மண்டபத்தில் இருக்கிறார்.

அவர் வந்த நாள் எனக்குக் கூடலூரில் சம்பள நாள். வேலையை முடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தபோது அம்மாவும் பெண்ணும் அங்கே இருந்தார்கள். பெண் தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ் தாமதம் என்றார்கள். அவர்களோடு நானும் நின்றேன்.

பஸ் வந்தது. கடைசியில் இறங்கினார். ஒல்லியான மனிதர். தகரப் பெட்டி ஒன்று, சுருட்டிய கம்பளி ஒன்று. இறங்கியதும் இருமினார், இருமி முடியும்வரை மூவரும் காத்திருந்தோம். அம்மா அழுதார். பிறகு தகரப் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் பஸ் எது என்று விசாரிக்கப் போனார்.

அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே நின்றார்கள். அங்கே அவரை விட்டு வந்தபோது அவள் அவர் இடுப்புயரம் இருந்திருப்பாள். இப்போது மார்பைத் தொட்டாள்.

"அங்க யாரு சமைச்சா?" என்று கேட்டாள்.

"நானேதான்."

"வருத்தமா கெடந்தப்ப?"

"பக்கத்துக் காம்பராவுல குடுத்தாங்க."

"கப்பல்ல வரும்போது லைட்ஹவுஸ் தெரிஞ்சிச்சா?"

அவர் யோசித்தார். "மேல வுடல. கீழ உக்கார வச்சிட்டாங்க. ஒண்ணும் தெரியல."

"ஏன் இவ்ளோ நாள் ஆச்சு?"

ஒரு மேசைக்கு முன்னால் நிற்பதுபோல் அவர் நேராக நின்றார். கம்பளியைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, பிரித்து, மகளிடம் நீட்டினார்.